நீட் 468, அரசு உதவி பெறும் பள்ளி: கடலூரா, ஜிப்மரா, அடுத்த ஆண்டா?

15 ஜூன் 2025
கடலூர் முதுநகர் வாசகர் ஒருவரின் கேள்வி, அவர் எழுதியபடியே:

"நேற்று நீட் முடிவு வந்தது. மகள் 468 எடுத்திருக்கிறாள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதுதான் ஆசை. இல்லையென்றால் ஜிப்மர். பயிற்சி மையத்தில் போன ஆண்டுக் கணக்கைக் காட்டி, இந்த மதிப்பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னும் ஓராண்டு சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். சேர்க்கலாமா, டாக்டர்?"

16 ஜூன் 2025
வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், ஐயா. போன ஆண்டுக் கணக்கு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. 2024-இல் முதலில் 67 பேர் 720-க்கு 720 என்று அறிவித்தார்கள். திருத்திய பிறகும் 17 பேர் முழு மதிப்பெண்ணில் நின்றார்கள். இந்த ஆண்டு நாட்டிலேயே உயர்ந்த மதிப்பெண் 686. இயற்பியல் வினாத்தாள் பிள்ளைகளைப் பிழிந்தெடுத்துவிட்டது. ஆகவே போன ஆண்டின் 468 வேறு, இந்த ஆண்டின் 468 வேறு. மதிப்பெண்ணை மறந்துவிட்டு அகில இந்தியத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியல் வெளிவந்ததும் அதில் உங்கள் வகுப்புக்குள் அவள் எத்தனையாவது என்று பாருங்கள். முடிவு செய்ய அந்த எண் ஒன்றே போதும்.

இன்னொன்று. கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி என்ற பெயரை நம்பி மஞ்சக்குப்பத்தில் இறங்கித் தேடாதீர்கள். அது சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது. பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாணவர்கள் நெடுநாள் போராடிய பிறகு அரசு அதைச் சுகாதாரத் துறைக்கு மாற்றிக்கொண்டது. முதுநகரிலிருந்து தினமும் போய்வர முடியாது, எப்படியும் விடுதிதான். அப்படியிருக்க "வீட்டுக்குப் பக்கம்" என்பதை ஒரு காரணமாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். சிதம்பரத்தில் விடுதியில் இருப்பவள் திருவாரூரிலும் இருக்கலாம்.

16 ஜூன், இரவு
"என் பையன் நீட் தேர்ச்சி பெற்றுவிட்டான், ஏன் இடம் வராது?" என்று ஒருவர் கோபித்துக்கொள்கிறார். இந்த ஆண்டு பொதுப் பிரிவில் 144 எடுத்தாலே தகுதி. எழுதியவர்கள் 22 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம், அதில் பாதியளவு தனியார் கையில். தகுதி என்பது பந்திக்கு வெளியே நிற்க அனுமதி, அவ்வளவே. இலை போட்டாகிவிட்டது என்று நினைத்து பிளெக்ஸ் பேனர் அடித்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒன்று தொங்குகிறது. பாவம், அந்தப் பையன் அதன் கீழேதான் தினமும் நடந்து போகிறான்.

19 ஜூன்
சான்றிதழ். இதைப் பற்றி எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண் இருந்தும் காகிதத்தால் இடம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு மட்டுமே செல்லும். அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீதத்துக்கும், புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசின் ஜிப்மருக்கும் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) சான்றிதழ், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்புடன் வேண்டும். அது நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன ஆண்டு வாங்கி உறைபோட்டு வைத்திருப்பது பயன்படாது. இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு போனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஊரே வரிசையில் நிற்கும்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. முதுநகர் ஐயாவின் மகளுக்கு இல்லை. இது நியாயமா என்றால், எனக்கும் சமாதானம் இல்லை. அதே தெரு, அதே வறுமை, மதிற்சுவர் மட்டும் வேறு. ஆனால் விதி அதுதான். நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாகிவிட்டது.

24 ஜூன்
"தவளக்குப்பத்தில் என் மைத்துனர் வீடு இருக்கிறது. அந்த முகவரியில் ஒரு குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி சென்டாக்கிலும் போட்டு வைக்கலாமா?" தவளக்குப்பம் புதுச்சேரி எல்லைக்குள்; சென்டாக் என்பது புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு. ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். வருமா என்று கேட்டால் வரும், வழக்கும் கூடவே வரும். இரண்டு மாநிலத்திலும் இருப்பிட உரிமை கோரியது தெரிந்தால் இரண்டு பக்கமும் போய்விடும். பட்டியல்கள் இப்போது இணையத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடக்கின்றன. உங்கள் மகளுக்கு ஒரு படி கீழே இருக்கும் பிள்ளையின் அப்பா அதை வரி விடாமல் படிப்பார். முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்று வண்டியைத் திருப்புவது போன்ற காரியமில்லை இது.

ஜிப்மர் எப்படி என்று புரியாதவர்களுக்கு: 2020 முதல் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. எல்லா இடங்களும் டெல்லியிலிருந்து மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில்தான். அதில் ஒரு பங்கு புதுச்சேரிவாசிகளுக்கு. கடலூர்க்காரர்கள் மிச்சத்தில் நாடு முழுவதிலும் இருந்து வருபவர்களோடு மோத வேண்டும். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்பதற்கும் அங்கே படிக்க இடம் கிடைப்பதற்கும் தொடர்பில்லை. நோயாளியாகப் போனால் எல்லை பார்க்க மாட்டார்கள். மாணவியாகப் போகத்தான் இந்தப் பாடு. கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியின் மாநில இடங்கள் சென்டாக் வழி, புதுச்சேரி பிள்ளைகளுக்கு.

2 ஜூலை
நூறு கேள்வி வந்துவிட்டது, நூறும் உள்ளே நுழைவதைப் பற்றி. நுழைந்த பிறகு அந்தப் பிள்ளை ஐந்தரை ஆண்டு என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம், தமிழ் வழி. கல்லூரியில் சேர்ந்தபோது ஆங்கிலம்தான் என்னை அடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அடித்தது, ஆனால் முதல் ஆறு மாதத்தோடு அது முடிந்தது. உண்மையான அடி வேறு இடத்திலிருந்து வந்தது, ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. நீட் தேர்வில் நாம் எதையும் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. நான்கு விடைகளில் சரியானதை அடையாளம் கண்டு வட்டத்தைக் கருப்பாக்குகிறோம். இரண்டு ஆண்டு, சிலர் நான்கு ஆண்டு, இதையே பழகுகிறார்கள். மருத்துவக் கல்லூரியிலோ முதல் வாரத்திலிருந்தே வாயைத் திறக்க வேண்டும்.

என் அறைத்தோழி எங்கள் ஆண்டிலேயே உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்தவள். முதல் உள்தேர்வின் வாய்மொழித் தேர்வில் அவள் கையில் ஒரு காறை எலும்பைக் கொடுத்து, வலமா இடமா என்றார் பேராசிரியர். இதற்கு மூன்று அடையாளம் போதும். தட்டையான முனை தோள் பக்கம், தடித்து உருண்ட முனை மார்பெலும்புப் பக்கம். உட்பக்க வளைவு முன்னோக்கிப் புடைத்திருக்கும். நடுவில் நீளமாக ஓடும் பள்ளம் கீழே பார்க்கும். மூன்றும் அவளுக்குத் தெரியும். முந்தைய இரவு எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "அம்மா, எலும்பு பேசாது, நீதான் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான்கு விடைகளை எழுதி நீட்டியிருந்தால் அரை நொடியில் காட்டியிருப்பாள்.

முதல் ஆண்டு: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். காலையில் வகுப்பு, பிறகு உடற்கூறு அறை. உடலைக் கெடாமல் வைக்கும் பார்மலினின் நெடி கண்ணில் நீர் வரவழைக்கும். பத்து நாளில் பழகிவிடும், ஆனால் சாப்பிடும்போது விரலில் மிச்சமிருப்பது போலவே தோன்றும். மயக்கம் போட்டு விழுவார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் கதை. விழுபவர்கள் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். அந்த உடலைத் தானமாகக் கொடுத்தவர் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு வந்த கூட்டம் அன்று அமைதியாகிவிடும். மாலையில் திசுவியல் பதிவேடு. உருப்பெருக்கியில் பார்த்ததை ஊதா, இளஞ்சிவப்பு பென்சில்களால் வரைய வேண்டும். செல்லின் கரு ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. இந்த இரண்டு நிறத்தில் மட்டும் பென்சில் தேய்ந்துபோன பெட்டி ஒன்று என் வீட்டில் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல். மருந்தியல் வெறும் மனப்பாடம் என்பார்கள். நோயாளியைப் பார்க்காமல் படித்தால் அப்படித்தான். வார்டுக்குப் போகத் தொடங்கியதும் அதே பாடத்துக்கு முகம் வந்துவிடும்.

விதிகளும் தெரிந்திருக்கட்டும். முதலாம் ஆண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் முடித்தாக வேண்டும். மொத்தப் படிப்புக்கு ஒன்பது ஆண்டு உச்சவரம்பு. வருகைப்பதிவு பாடத்துக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம். குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

3 ஜூலை
"பெற்றோரைப் பயமுறுத்துகிறீர்கள்." இல்லை. அந்த அறைத்தோழி இப்போது மயக்கவியல் மேற்படிப்பு முடித்துவிட்டாள். உள்தேர்வுக்குப் பிறகு விடுதி மொட்டைமாடியில் நடந்துகொண்டே, படித்ததையெல்லாம் எனக்குச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சரிசெய்துகொண்டாள். எனக்கும் இலவச வகுப்பு. பயப்பட வேண்டியதில்லை, முன்கூட்டித் தெரிந்திருந்தால் போதும் என்கிறேன்.

3 ஜூலை, பிற்பகல்
தமிழில் நீட் எழுதலாமா என்று பண்ருட்டியிலிருந்து ஒரு மாணவி. எழுதலாம், வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தது. 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது, உச்சநீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. எனவே தமிழில் தேர்ந்தெடு, சந்தேகம் வரும் இடத்தில் ஆங்கில வரியையும் ஒரு பார்வை பார், தங்கச்சி.

11 ஜூலை
புதுச்சேரியிலிருந்து சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) வீட்டுப் பேரன் ஒருவர் கேட்கிறார்: தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, லீசே எனும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன், இந்த நீட் தலைவலி எதற்கு, பிரான்சுக்கே போய் மருத்துவம் படிக்கலாமே?

போகலாம், தம்பி. பிரெஞ்சுக்காரர்களே 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். ஜிப்மரின் வேர் அங்கேதான் போகிறது. இப்போது நீ எதிர்த்திசையில் கிளம்புகிறாய். ஆனால் இரண்டு செய்தி. அங்கே நுழைவது சுலபம், வடிகட்டுவது முதல் ஆண்டு முடிவில். 2020-இல் கொண்டுவந்த முறையில் பாஸ் (PASS) எனப்படும் அந்த முதல் ஆண்டை இரண்டாம் முறை படிக்க அனுமதியில்லை. இங்கே நீட்டை எத்தனை முறையும் எழுதுகிறார்கள், அங்கே அப்படிக் கிடையாது. இரண்டாவது இன்னும் முக்கியம். வெளிநாட்டில் படித்தவர் இந்தியாவில் பதிவு செய்ய, 2021 விதிப்படி, அங்கே ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சில் படித்த பட்டத்தோடு திரும்பி வந்து முத்தியால்பேட்டையில் கிளினிக் வைக்க முடியாது. போனால் அங்கேயே இருப்பது என்று முடிவு செய்துவிட்டுப் போ.

ரஷ்யா, ஜார்ஜியா என்று கேட்பவர்களுக்கும் இதே 2021 விதிதான்: 54 மாதப் படிப்பும் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியும் ஒரே நிறுவனத்தில், திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதன் பின் இங்கேயும் ஓராண்டுப் பயிற்சி. முகவர் இதில் எதை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

28 ஜூலை
கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசையாகக் குறித்துத் தரும் விருப்பப் பட்டியல். "கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போடு" என்ற அறிவுரை இன்னமும் சுற்றுகிறது. தவறு. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த வரிசையில் போடுங்கள். உங்கள் முறை வரும்போது இயந்திரம் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். எட்டாத கல்லூரியை மேலே வைத்ததால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் எட்டும் கல்லூரியை மேலே வைத்துவிட்டால் அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்று இடத்தை வேண்டாம் என்று விட்டால் நட்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும்; அரசு இடங்களுக்கு அது சில ஆயிரம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். கடலூர்–புதுச்சேரி சாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும் கல்லூரிகளில் சில நிகர்நிலைதான். கட்டடத்தைப் பார்த்து ஆசைப்படும் முன் கட்டணத்தைப் பாருங்கள்.

17 ஆகஸ்ட்
"பயிற்சி மருத்துவர் என்றால் ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடுவதுதானே, அதில் என்ன படிப்பு?" என்று ஒருவர். ஓடுவதும் உண்டு. ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடந்த நடையில் என் செருப்பு தேய்ந்தது.

ஆனால் பாம்புக்கடி வந்த இரவு ஒன்றைச் சொல்கிறேன். முந்திரித் தோப்பில் வேலை செய்த அம்மா, கணுக்கால் வீங்கியிருந்தது. பாம்பை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி விரியனா, சும்மா கீறலா? விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. என்னிடம் கொடுத்த வேலை இதுதான்: புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்திரு. பிளாஸ்டிக் கூடாது, கண்ணாடி பட்டால்தான் ரத்தம் உறையத் தூண்டப்படும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது. அந்த அம்மாவின் மகன் என் பக்கத்திலேயே நின்று, "எதுவும் செய்யாமல் வேடிக்கை பார்க்கிறீர்களே" என்று கத்தினார். இருபதாவது நிமிடம் குழாயைச் சாய்த்தேன். தண்ணீர் போல வழிந்தது. விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். அடுத்த வாரம் நடந்து போனார்.

அந்த இருபது நிமிடமும் மகனிடம் நான் பேசிக்கொண்டே இருந்தேன்: எதற்காகக் காத்திருக்கிறோம், சாய்த்தால் என்ன தெரியும், உறையாவிட்டால் என்ன செய்வோம். வெளிமாநிலத்திலிருந்து வந்த என் சக பயிற்சி மருத்துவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் அன்று அவர் நின்றிருந்தால் அந்த மகன் சண்டைக்கு வந்திருப்பார். ஜூலை 2 அன்று வாயைத் திறப்பதைப் பற்றி எழுதியது தேர்வுக்கு மட்டுமல்ல.

18 ஆகஸ்ட்
மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் மருத்துவம் படிக்கக் கூடாதா?" என்கிறார் நெல்லிக்குப்பம் ஆசிரியை. இதை இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

20 ஆகஸ்ட்
யோசித்தேன். கூச்சம் தடையில்லை. வளவளவென்று பேசுபவர்கள் நோயாளியைப் பேச விடுவதில்லை. அவர்கள் எழுதும் நோய் வரலாறு பெரும்பாலும் அவர்களுடைய ஊகம். குறைவாகப் பேசி, கேட்டதை வரிசையாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் போதும். இந்த இரண்டாவது பாதியைப் பழக வேண்டும். நீட் முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் மாதங்களில் உடற்கூறியல் புத்தகத்தை முன்கூட்டிப் பிரிக்காதீர்கள், பயனில்லை. பாட்டியை உட்காரவைத்து, மூட்டுவலி எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேளுங்கள். பிறகு அதை அம்மாவிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பாட்டியும் மகிழ்வார்.

26 செப்டம்பர்
முதுநகர் ஐயா எழுதியிருக்கிறார். அரசுக் கல்லூரி மயிரிழையில் தவறிவிட்டது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்திருக்கிறது. தன் கடையை அடகு வைத்தாவது சேர்ப்பதா, மகளைத் திரும்ப எழுத வைப்பதா என்கிறார்.

கட்டணக் குழு நிர்ணயித்த தொகையே ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தாண்டும். விடுதி, உணவு தனி. "இதரக் கட்டணம்" என்ற பெயரில் என்ன வரும் என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். கல்விக் கடனுக்கு ஒதுக்கீட்டு ஆணையோடு வங்கிக்குப் போங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் பிணை கேட்பார்கள். கடையை அடகு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்த உடனே சம்பாதித்துக் கொட்டிவிட முடியாது. மேற்படிப்புக்கு இன்னொரு நீட் காத்திருக்கிறது.

என்னைக் கேட்டால் சேர்த்துவிடுவேன். அடுத்த ஆண்டு வினாத்தாள் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது, கையில் இருப்பது இடம். ஆனால் அது என் கடையில்லை.

29 செப்டம்பர்
சேர்த்துவிட்டார்கள். கடையைத் தொடவில்லை, அவருடைய மனைவி பங்குக்கு வந்த காலி மனையை விற்றிருக்கிறார்கள். இங்கே வாழ்த்துச் சொல்ல வரும் பத்துப் பேரும் தயவுசெய்து அவருக்கே தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள், இந்தக் கேள்வி-பதில் இழை நீள்கிறது.

6 அக்டோபர்
என்னென்ன வாங்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டிருக்கிறாள். முழுக்கை வெள்ளைக் கோட்டு இரண்டு, பருத்தியில். பாலியெஸ்டர் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. அறுவைக் கருவிப் பெட்டியைக் கல்லூரி வாசலில் வாங்காதே, சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். எலும்புத் தொகுப்பும் அப்படித்தான். வாங்கும்போது மணிக்கட்டு எலும்புகள் எட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார், பட்டாணி அளவில் இருக்கும் ஒன்று எப்போதும் தொலைந்திருக்கும். ஸ்டெதஸ்கோப் முதல் ஆண்டில் விலை உயர்ந்ததாக வேண்டியதில்லை. மாமா பரிசளிக்கத் துடித்தால் வார்டு தொடங்கும்வரை பொறுத்திருக்கச் சொல். இளஞ்சிவப்பு, ஊதா பென்சில் மட்டும் பெட்டியாக வாங்காமல் தனித்தனியாக அந்த இரண்டு நிறமே நாலைந்து வாங்கு.